பாண்டுரங் கான்கோஜே: தாய்நாட்டில் தடை, மெக்சிகோவில் சிலை... யார் இந்த இந்திய விவசாய விஞ்ஞானி?

போடிநாயக்கனூர் ஏல வியாபாரிகளுக்கு குவாத்தமாலா என்ற பேரைச் சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். நம்ம ஏலக்காய்க்கு உலகச் சந்தையில் பெரிய போட்டி அந்த நாடுதான். அந்த குவாத்தமாலாவுக்கு வடக்கே, எல்லையை ஒட்டி இருக்கும் பெரிய நாடு மெக்சிகோ. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பொட்டிபுரம் பக்கம் மலையடிவாரக் காடுகளில் விதைக்கிற மக்காச்சோளம், குழம்பில் போடுகிற மிளகாய், வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பப்பாளி... இதெல்லாம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும் உலகத்துக்குக் கொடுத்த பயிர்கள்.

அந்த மக்காச்சோளத்தின் தாய்வீட்டுக்கே போய், அங்குள்ள விவசாயிகளுக்கு மக்காச்சோள விதை பற்றிப் பாடம் நடத்திய இந்தியர் ஒருவர் இருந்தார். பேரு பாண்டுரங் சதாசிவ் கான்கோஜே. மெக்சிகோவின் சாப்பிங்கோ விவசாயப் பல்கலைக்கழகத்தில் 2022 செப்டம்பரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். திறந்து வைத்தவர் அப்போதைய மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா. ஆனா இந்தியாவில் பலருக்கு அவர் பேரே தெரியாது. யார் இவர்? மெக்சிகோவுக்கு ஏன் போனார்? விரிவாகப் பார்க்கலாம்.

வார்தாவில் தொடங்கிய கதை

இன்றைய மகாராஷ்டிராவின் வார்தாவில், 1880-களின் நடுவில் பிறந்தவர் கான்கோஜே. பள்ளிப் படிப்பு வார்தாவிலும் நாக்பூரிலும். விதர்பா பகுதி அப்போதும் வறண்ட பூமிதான். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பையன். அது பால கங்காதர திலகரின் பேச்சில் இளைஞர்கள் மயங்கிக் கிடந்த காலம். கான்கோஜேவும் விதிவிலக்கு இல்லை. ஆயுதம் ஏந்தினால்தான் பிரிட்டிஷ்காரன் போவான் என்று நம்பினார்.

அதுக்கு ராணுவப் பயிற்சி வேண்டும். இந்தியாவில் யார் கொடுப்பார்கள்? திலகரிடம் யோசனை கேட்டுவிட்டு, முதலில் ஜப்பான் போனார். அங்கிருந்து அமெரிக்கா. கலிபோர்னியாவில் ஒரு ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். கூடவே விவசாயமும் படித்தார். ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் மண்ணும் விதையும். இந்த இரண்டும்தான் அவருடைய வாழ்க்கை முழுக்கக் கூட வந்தன.

கதர் கட்சியும் பாரசீகப் போரும்

1913-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கதர் கட்சி உருவானது. கதர் என்றால் உருது மொழியில் கிளர்ச்சி. இந்தக் கட்சிக்கும் கைத்தறிக் கதருக்கும் சம்பந்தமில்லை. மர ஆலைகளிலும் பண்ணைகளிலும் கூலி வேலை பார்த்த பஞ்சாபிகள்தான் இதில் பெரும்பாலானவர்கள். லாலா ஹர்தயாள், சோகன் சிங் பக்னா ஆகியோருடன் கட்சியைத் தொடங்கியவர்களில் கான்கோஜேவும் ஒருவர்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாடான மெக்சிகோவில் புரட்சி வெடித்துக்கொண்டிருந்தது. 1910-ல் தொடங்கிய புரட்சி அது. பெரிய பண்ணையார்கள் கையில் குவிந்து கிடந்த நிலத்தை உழுகிறவனுக்குக் கொடு என்பது அதன் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. கலிபோர்னியாவில் இருந்த மெக்சிகோ புரட்சிக்காரர்கள் சிலரோடு கான்கோஜேவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. இந்த நட்பு பின்னால் அவர் தலையெழுத்தையே மாற்றும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1914-ல் முதல் உலகப் போர். பிரிட்டனுக்கு எதிரி ஜெர்மனி. எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கில் பெர்லினில் ஒரு இந்தியக் குழு இயங்கியது. நம்ம செண்பகராமன் பிள்ளையும் அதில் முக்கியமானவர். கான்கோஜே பாரசீகத்துக்கு, அதாவது இன்றைய ஈரானுக்குப் போனார். அங்கே உள்ளூர்ப் பழங்குடிப் படைகளோடு சேர்ந்து பிரிட்டிஷ் படைகளை எதிர்த்துச் சண்டை போட்டார். ஆனால் போரில் ஜெர்மனி தோற்றது. இந்தத் திட்டங்கள் எல்லாம் மண்ணாகிப் போயின.

போக இடமில்லாத நிலை

இந்தியா திரும்பினால் பிரிட்டிஷ் அரசு பிடித்துவிடும். ஐரோப்பாவில் இருந்தாலோ எப்போது வேண்டுமானாலும் நாடு கடத்தப்படலாம். பாரிஸில் பிகாஜி காமா அம்மையாரைப் பார்த்தார். 1921-ல் வேறு சில இந்தியப் புரட்சிக்காரர்களோடு மாஸ்கோவுக்கும் போய்ப் பார்த்தார். எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை.

கடைசியில் நினைவுக்கு வந்தது மெக்சிகோ. 1924 வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார். சொந்த ஊரிலிருந்து பூமிப் பந்தின் கிட்டத்தட்ட அந்தப் பக்கம். பழைய புரட்சி நண்பர்கள் இப்போது அரசுப் பதவிகளில் இருந்தார்கள். அவர்கள் தயவில், தலைநகருக்குப் பக்கத்தில் சாப்பிங்கோவில் இருந்த தேசிய விவசாயப் பள்ளியில் பேராசிரியர் வேலை கிடைத்தது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மெக்சிகோவில் அடைக்கலம் தேடிய முதல் இந்தியப் புரட்சிக்காரர் கான்கோஜே இல்லை. 1917-லேயே எம்.என்.ராய் அங்கே போயிருந்தார். 1919-ல் அந்த நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சி உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ராய் அரசியலோடு ரஷ்யா பக்கம் கிளம்பிவிட்டார். கான்கோஜே மண்ணோடு அங்கேயே தங்கிவிட்டார்.

மெக்சிகோ எப்படிப்பட்ட நாடு?

பரப்பளவில் இந்தியாவில் ஐந்தில் மூன்று பங்கு இருக்கும் மெக்சிகோ. வடக்கே சொனோரா மாதிரி கள்ளிச்செடி முளைக்கும் பாலைவனம். கிழக்கிலும் மேற்கிலும் நீளமான மலைத்தொடர்கள். நடுவில் உயரமான பீடபூமி. தெற்கே அடர்ந்த மழைக்காடு. தலைநகர் மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைவிட உயரம். ஸ்பானிஷ் எல்லோருக்கும் பொதுவான மொழி என்றாலும், நாவாட்டில், மாயா என்று 68 பூர்வகுடி மொழிகளை அந்நாடு அங்கீகரித்திருக்கிறது.

இத்தனை வித்தியாசமான நாட்டை ஒன்றாகக் கட்டிப்போடுவது மக்காச்சோளம். அங்கே அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அரைத்து, தட்டி, கல்லில் சுட்டு எடுப்பார்கள். அதுதான் டோர்ட்டியா. பார்த்தால் நம்ம ஊர் சப்பாத்தி மாதிரியே இருக்கும். வயலில் மக்காச்சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் ஊடுபயிராகப் போடுவது அங்கே ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம். மானாவாரியில் சோளத்தோடு மொச்சை, தட்டைப்பயறு போடுகிற நம்ம விவசாயிக்கு இது புதுசாகத் தெரியாது.

சாப்பிங்கோவில் என்ன செய்தார்?

பீடபூமி விவசாயிக்கு இரண்டு பயம். ஒன்று, மழை பொய்த்துவிடும். இன்னொன்று, கதிர் முற்றுவதற்குள் உறைபனி விழுந்து பயிர் கருகிவிடும். கோதுமை போட்டால் அதுக்குத் துரு நோய். இந்தப் பிரச்சினைகளைத்தான் கான்கோஜே கையில் எடுத்தார். வறட்சியையும் பனியையும் தாங்கும் ரகங்களை உருவாக்குவதில் இறங்கினார்.

மக்காச்சோளத்தில் ரகம் உருவாக்குவது எப்படி? ஆண் பூ செடியின் உச்சியில் இருக்கும். பெண் பூ நடுத்தண்டில் உள்ள கதிரில். கதிர் நுனியில் தொங்குகிற பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கான வாசல். உச்சிப் பூவின் மகரந்தம் காற்றில் பறந்து வந்து அந்த நூலில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். பக்கத்துக் காட்டு மகரந்தமும் வந்து விழும். அதனால், எந்தச் செடியை எதோடு சேர்க்க வேண்டுமோ அதை மட்டும் சேர்க்கக் கதிரை உறையால் மூடி வைப்பார்கள். ஒரு ரகம் நிலைக்கப் பல பருவங்கள் ஆகும். பொறுமைதான் இதில் முதல் முதலீடு.

மக்காச்சோளத்துக்கு ஒரு காட்டுச் சொந்தம் உண்டு. பேரு தியோசின்டே. பார்த்தால் புல் மாதிரி இருக்கும். இதையும் மக்காச்சோளத்தையும் கலந்து கான்கோஜே ஆராய்ச்சி செய்தார். பூர்வகுடி விவசாயிகள் கைவசம் வைத்திருந்த நாட்டு விதைகளையும் அவர் அலட்சியப்படுத்தவில்லை.

விவசாயிக்குப் பள்ளிக்கூடம்

ஆராய்ச்சி நிலையத்துக்குள் ரகம் வந்தால் மட்டும் போதுமா? நிலச் சீர்திருத்தத்தில் நிலம் கிடைத்த விவசாயிகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடன் கிடையாது. நல்ல விதை கிடையாது. நிலம் கைக்கு வந்தாலும் வறுமை போகவில்லை. இதைப் பார்த்த கான்கோஜே, 1920-களின் கடைசியில் சுதந்திர விவசாயப் பள்ளிகள் என்ற அமைப்பை மெக்சிகோ நண்பர்களோடு சேர்ந்து நடத்தினார். கட்டணம் இல்லை. பாடம் வயலிலேயே நடக்கும். விவசாயிகளின் தலைவர் எமிலியானோ சபாட்டா பெயரும் ஒரு பள்ளிக்கு வைக்கப்பட்டது.

இத்தாலியில் பிறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் டீனா மோடோட்டி அந்தப் பள்ளிகளையும் கான்கோஜேவையும் படம் எடுத்தார். விவசாயிகள் நடுவில் மக்காச்சோளத்தோடு அவர் நிற்கும் படங்கள் இன்றும் இருக்கின்றன. உலகப் புகழ் ஓவியர் டியாகோ ரிவேராவும் நண்பர்தான். மெக்சிகோ சிட்டியில் கல்வி அமைச்சகச் சுவரில் ரிவேரா வரைந்த ஓவியம் ஒன்றில், மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பகிரும் மனிதர் கான்கோஜேதான் என்று சொல்லப்படுகிறது.

1936-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜீன் சிண்டிக்கை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள்.

சுதந்திரம் வந்தும் விசா கிடைக்கவில்லை

1947-ல் இந்தியா விடுதலை அடைந்தது. எந்த விடுதலைக்காக இளமையை முழுசாகக் கொடுத்தாரோ, அது வந்தேவிட்டது. இனி ஊர் திரும்ப வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பிரிட்டிஷ் அரசு தயாரித்த தடைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அரசு மாறினாலும் அந்தப் பட்டியல் மாறவில்லை. அதனால் சுதந்திர இந்தியா முதலில் அவருக்கு விசா தரவில்லை. யாரை எதிர்த்ததற்காக அந்தத் தடை வந்ததோ, அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் தடை மட்டும் நின்றது. கடைசியில் அது நீக்கப்பட்டது. 1955-ல் குடும்பத்தோடு நாக்பூருக்கு வந்து குடியேறினார். கப்பலேறியபோது இளைஞர். திரும்பியபோது வயது எழுபதைத் தொட்டிருந்தது.

பசுமைப் புரட்சிக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

இதில் ஒரு குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்கு வந்த குட்டை ரகக் கோதுமையை மெக்சிகோவில் உருவாக்கியவர் அமெரிக்கரான நார்மன் போர்லாக். அவர் 1944-ல்தான் மெக்சிகோவுக்குப் போனார். அவரை இந்தியாவுக்கு அழைத்துவரக் காரணமாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். 1966-ல் சுமார் 18,000 டன் கோதுமை விதை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. அதற்கு முன்பே சோதனைக்கு வந்த ரகங்களில் ஒன்றின் பெயர் சொனோரா 64. அந்தப் பாலைவன மாநிலத்தின் பெயர்தான்.

இதெல்லாம் கான்கோஜேவின் விதைகள் இல்லை. ஆனால் போர்லாக் வருவதற்கு 20 வருஷம் முன்பே, அதே நாட்டில் அதே பிரச்சினையோடு மல்லுக்கட்டிய தலைமுறையில் ஒருவர் இவர். இன்று உலக மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையத்தின் தலைமையகம் இருப்பதும் சாப்பிங்கோவுக்குப் பக்கத்தில், அதே டெஸ்கோகோ வட்டாரத்தில்தான்.

இன்று மெக்சிகோ போகிறவர்கள் என்ன பார்க்கலாம்?

சுற்றுலாவாக மெக்சிகோ போகும் தமிழர்கள் பிரமிடுகளையும் கடற்கரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். தலைநகரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சாப்பிங்கோ. அங்கே பழைய தேவாலயம் ஒன்றின் சுவர், கூரை முழுக்க ரிவேராவின் ஓவியங்கள். நிலமும் மனிதனும்தான் அதன் கரு. அதே வளாகத்தில்தான் கான்கோஜே சிலையும் இருக்கிறது.

1967 ஜனவரி 22-ல் நாக்பூரில் கான்கோஜே காலமானார். அந்த ஜனவரியில், வட இந்திய வயல்களில் மெக்சிகோ கோதுமை பெரிய அளவில் முதல்முறையாகப் பச்சைப் பசேல் என்று நின்றுகொண்டிருந்தது. அறுவடைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.