20 நாள் விவாதம்... கடவுளுக்கு லாஜிக் தேடிய தத்துவ போதகர்!

ராத்திரி பதினோரு மணி. காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர், கடவுள் இருக்கார்னா ஆதாரம் காட்டுன்னு கொளுத்திப்போடுறார். அப்புறம் உங்களுக்குத் தூக்கம் போச்சு. யார் ஜெயிச்சாங்கன்னு கடைசிவரை தெரியாது. ரெண்டு பேர் குரூப்பைவிட்டு வெளியேறினதுதான் மிச்சம்.

இதே விவாதத்தை 400 வருஷத்துக்கு முன்னாடி மதுரையில், தினமும் நாலஞ்சு மணி நேரம் வீதம் 20 நாள் நடத்தின ஒருத்தர் இருக்கார். பெயர் ராபர்ட் தெ நொபிலி. நம்ம ஊர் அவருக்கு வைத்த பெயர், தத்துவ போதகர்.

முத்துக்கரையில் தமிழ்

1577-ல் ரோமில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்து வந்தது நம்ம முத்துக்குளித்துறைக் கரைக்கு. சில மாதங்கள் இங்கே தங்கித்தான் தமிழ் கற்றார்.

இந்தக் கரையின் பரதவ மக்கள் 1530-களிலேயே கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்கான மோதலில், போர்ச்சுக்கீசியர் கொடுத்த பாதுகாப்போடு சேர்ந்து வந்தது அந்த மதமாற்றம். மதுரையிலோ நிலைமை வேறு. அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பல வருஷம் உழைத்தும் உள்ளூர்க்காரர்கள் யாரும் மதம் மாறவில்லை. காரணம், அதை எல்லோரும் பரங்கி மதமாகப் பார்த்தார்கள். மாட்டிறைச்சி, மது, தோல் செருப்பு... பரங்கின்னாலே ஒரு இளக்காரம்.

1606 இறுதியில் மதுரைக்குப் போன நொபிலி ஆளே மாறிப்போனார். காவி உடை, மரக்கட்டைச் செருப்பு, ஒருவேளை சைவச் சாப்பாடு. சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதமும் படித்தார்.

அந்த 20 நாள்

சைவரான ஒரு பள்ளி ஆசிரியரோடுதான் அந்த நீண்ட விவாதம். பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், தளை என மூன்றுமே தோற்றமில்லாதவை என்பது ஆசிரியரின் சித்தாந்தம். எந்தக் காரணமும் இல்லாமல் தானாகவே என்றும் இருப்பதுதான் கடவுளின் இலக்கணம் என்றால், உயிரும் தளையும்கூடக் கடவுளாகிவிடாதா என்று மடக்கினார் நொபிலி. இப்படியே போன விவாதத்தின் முடிவில், அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார்.

நொபிலியின் கையில் இருந்தது 13-ம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் வகுத்த பாதை. ஒரே கடவுள் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிறுவலாம். திரித்துவம் போன்றவற்றை நம்பிக்கையால்தான் ஏற்க முடியும். எதற்கு ஆதாரம் தருகிறோம், எதை நம்பச் சொல்கிறோம் என்று பிரித்துப் பேசினார் பாருங்க, அது இன்றைக்கும் பலர் செய்யாத வேலை.

சரி, அந்த வாதம் நிற்குமா? தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் நின்று யோசிச்சுப் பாருங்க. பாத்தியையும் வரப்பையும் பார்த்ததும், யாரோ கட்டியிருக்காங்கன்னு சொல்லிடுவீங்க. ஆனா, பாத்திக்குள் கனசதுரமா விளையும் உப்புக்கல்லை யாரும் செதுக்கவில்லை. சோடியமும் குளோரினும் சேரும் விதத்திலேயே அந்த வடிவம் வந்துடுது. ஒழுங்கு இருந்தாலே செய்தவர் இருக்கணும்னு சொல்ல முடியாது போல.

அந்த விதியை வைத்தது யாருன்னு நொபிலியின் பக்கம் கேட்கும். எல்லாத்துக்கும் காரணம் வேணும்னா கடவுளுக்கும் வேணாமான்னு எதிர்ப்பக்கம் கேட்கும். காரணம் தேவைப்படாத ஒன்று உண்டுன்னா, அது ஏன் இந்தப் பிரபஞ்சமாவே இருக்கக் கூடாது? ஆசிரியரை நொபிலி மடக்கிய அதே இடத்தில், இப்போ நொபிலியே நிற்கிறார்.

அளவுகோல் தன் பக்கம் திரும்பினால்...

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. எல்லோரையும் படைத்தவர் ஒருவரேன்னு வாதாடிய நொபிலி, தான் பரங்கி இல்லை, ரோமின் உயர்குடிக்காரன்னு ஓலையில் எழுதி அறிவித்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளம் மட்டுமே, மதம் அல்ல என்பது அவர் வாதம். 1619-ல் கோவா சபை முன் அதற்காகப் போராடினார். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி தந்தார்.

ஆனா, யோசிங்க. பரங்கி மதம்னு ஒதுக்கப்பட்டவர்கள், அவருக்கு முதலில் தமிழ் சொல்லித்தந்த கரையின் மக்கள். அதே விசுவாசிகளிடமிருந்து அவர் விலகி நின்றார். பிறகு, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்றே பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வந்தார்கள். அவர் நோக்கம் மதிப்பாக இருக்கலாம். பண்பாட்டை மதித்தார் என்பவர்களும் உண்டு. ஆனால், ஒரே தந்தையின் பிள்ளைகளுக்கு ரெண்டு குரு எதற்கு என்ற கேள்விக்கு அவருடைய தர்க்கத்தில் பதில் இல்லை.

அவர் சுகமாக வாழ்ந்தவரும் இல்லை. மதுரையில் சிறையிருந்தார். முதுமையில் பார்வை மங்க, யாழ்ப்பாணம் போய், மயிலாப்பூரில் 1656 ஜனவரியில் இறந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் என அவர் எழுதியவை தமிழ் உரைநடையின் ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானவை.

அடுத்த முறை குரூப்பில் இந்தச் சண்டை வந்தால், நீங்க எந்தப் பக்கமா வேணா இருங்க. எதிராளியிடம் கேட்கும் கேள்வியை முதலில் உங்களிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்க. பதில் வந்தா டைப் பண்ணுங்க. வரலைன்னா அதையும் டைப் பண்ணலாம், தப்பில்லை!