வயசை கூட்டிப் பரீட்சை எழுதினார். வகுப்பில் ஒரே பெண்: டயர் வியாபாரி மகள் கல்பனா சாவ்லா விண்வெளிக்கு போன கதை

பள்ளிக்கூட ரிக்கார்டில் கல்பனா சாவ்லா பிறந்த தேதி 1961-ம் ஆண்டு ஜூலை 1. ஆனால் அவர் நிஜமாக பிறந்தது 1962-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி. பள்ளி இறுதி பரீட்சை எழுத வயசு பத்தவில்லை. அதனால் வீட்டில் எட்டரை மாசத்தை கூட்டி எழுதி விட்டார்கள். நம்ம ஊர் பெரியவர்களில் பாதிப்பேருக்கு பிறந்த நாள் இந்த கதைதானே!

பெயரும் அப்படித்தான். வீட்டில் அவரை மோண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியில் சேர்க்கும்போது பெயர் என்னவென்று கேட்டதும், சித்தி சொன்ன மூன்று பெயர்களில் கல்பனாதான் வேண்டும் என்று குழந்தையே தேர்ந்து எடுத்தது.

ஊர் அரியானா மாநிலம் கர்னால். நாலு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அப்பா பனாரசி லால் சாவ்லா, 1947 பிரிவினையில் எல்லாத்தையும் விட்டுவிட்டு பாகிஸ்தான் பக்கம் இருந்து வந்த குடும்பம். சின்ன சின்ன வேலை, வியாபாரம் என்று கையூன்றி, கடைசியில் டயர் தயாரிக்கும் தொழிலில் காலூன்றினார்.

கர்னாலில் ஒரு பிளையிங் கிளப் உண்டு. வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே குட்டி விமானங்கள் பறக்கும். மற்ற பிள்ளைகள் மலையும் ஆறும் வரைந்தால் கல்பனா விமானம் வரைவார். ஒருநாள் அப்பாவை நச்சரித்து கிளப்புக்கு போய், புஷ்பக் விமானத்தில் ஒரு சுற்று சுற்றியும் வந்து விட்டார். அதோடு விஷயம் முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். முடியவில்லை.

வேலை கிடைக்காதும்மா

சண்டிகரில் உள்ள பஞ்சாப் என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்பனா கேட்டது விமான என்ஜினீயரிங். இது பெண்ணுக்கு சரிப்படாது, படித்தாலும் வேலை கிடைக்காது, எலெக்ட்ரிக்கல் மாதிரி ஏதாவது எடுத்துக்கொள் என்று இன்டர்வியூவில் புத்தி சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. அன்றைக்கு நம் நாட்டில் விமானம் படித்தவர்களுக்கு வேலை கொஞ்சம்தான். ஆனால் அந்த பொண்ணு அசையவே இல்லை. வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதமாக உட்கார்ந்து விட்டார்.

விமான பிரிவு வகுப்பில் இவர் ஒருவர்தான் பெண். வெளியே அறை எடுத்து தங்கி சைக்கிளில் கல்லூரிக்கு போய் வந்தார். கராத்தேயும் கற்றுக்கொண்டார். 1982-ல் பட்டம் வாங்கியபோது அந்த கல்லூரியில் விமான என்ஜினீயரிங் முடித்த முதல் பெண் என்ற பெயர் கிடைத்தது.

அடுத்தது அமெரிக்கா. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கிளையில் மேல் படிப்புக்கு இடம் கிடைத்தது. கல்யாணம் ஆகாத பெண்ணை தனியாக அத்தனை தூரம் அனுப்ப எந்த அப்பாவுக்குத்தான் மனசு வரும்? பனாரசி லாலும் சட்டென்று தலையாட்டவில்லை. வீட்டில் பேசி பேசித்தான் சம்மதம் கிடைத்தது. 1982-லேயே கப்பலேறாத குறையாக கிளம்பினார். நிஜமான வயசு 20.

அங்கே விமானம் ஓட்ட சொல்லித்தரும் ஜீன் பியரி ஹாரிசனுடன் பழக்கம் ஏற்பட்டு 1983-ல் கல்யாணம் நடந்தது. 1984-ல் எம்.எஸ்., அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இன்னொரு எம்.எஸ்., 1988-ல் டாக்டர் பட்டம்.

தரையில் மோதும் சூடான காற்று

1988-ல் கலிபோர்னியாவில் உள்ள நாசா ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் வேலைக்கு சேர்ந்தார். இங்கேதான் அவர் நிஜமான என்ஜினீயர் ஆனார். ஓடுபாதையே இல்லாமல் நின்ற இடத்தில் இருந்து எழும்பி, அப்படியே இறங்கும் போர் விமானங்கள் உண்டு. ஹாரியர் அந்த ரகம். இறங்கும்போது என்ஜினில் இருந்து கீழே பாயும் காற்று தரையில் மோதி சிதறும். குழாய் தண்ணீர் தொட்டியில் விழுந்து நாலாபக்கமும் தெறிக்கிற மாதிரி. அந்த சூடான காற்றை என்ஜின் திரும்ப உறிஞ்சினால் சக்தி குறைந்து விமானம் தடுமாறும். காற்று எப்படி எப்படி திரும்புகிறது என்பதை கம்ப்யூட்டரில் கணக்கு போட்டு கண்டுபிடிப்பதுதான் கல்பனாவின் வேலை. 1993-ல் ஓவர்செட் மெத்தட்ஸ் என்ற கம்பெனியில் துணைத்தலைவர் ஆனார்.

இடையில் விமானம் ஓட்ட லைசென்சும் எடுத்தார். 1991-ல் அமெரிக்க குடியுரிமை கிடைத்தது. அது இல்லாமல் நாசா விண்வெளி வீரர் பட்டியலில் சேர முடியாது. அந்த ஆண்டு கடைசியில் புது வருஷ லீவுக்கு கணவருடன் இந்தியா வந்தார். அதற்கு அப்புறம் அவர் இந்த மண்ணை மிதிக்கவே இல்லை.

கிட்டத்தட்ட 3 ஆயிரம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். 1994 டிசம்பரில் நாசா எடுத்தவர்களில் கல்பனாவும் ஒருவர்.

பழி விழுந்தது

1997 நவம்பர் 19-ந்தேதி கொலம்பியா விண்கலத்தில் பறந்தார். இந்தியாவில் பிறந்து விண்வெளிக்கு போன முதல் பெண் அவர்தான். ஊரெல்லாம் கொண்டாடியது.

ஆனால் அங்கே மேலே ஒரு சிக்கல். சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள செயற்கைகோளை எந்திர கையால் வெளியே விடும் பொறுப்பு கல்பனாவுக்கு. வெளியே விட்டதும் அது வேலை செய்யவில்லை. திரும்ப பிடிக்கப்போனபோது சுழல ஆரம்பித்து விட்டது. கடைசியில் சக வீரர்கள் வின்ஸ்டன் ஸ்காட்டும், ஜப்பானின் டகாவோ டோயும் வெளியே போய் கையாலேயே பிடித்து கொண்டு வந்தார்கள்.

பழி கல்பனா தலையில் விழுந்தது. முதல் பயணமே இப்படியா, இனி வாய்ப்பே கிடைக்காது என்று பேச்சு கிளம்பியது. நாசா 5 மாதம் விசாரித்தது. சாப்ட்வேரிலும், வகுத்து கொடுத்த செயல்முறையிலும்தான் கோளாறு, கல்பனா மீது தப்பு இல்லை என்று தெரியவந்தது. 2000-ம் ஆண்டில் அடுத்த பயணத்துக்கும் பெயர் வந்தது.

அந்த பயணம் தள்ளி தள்ளி போய் 2003 ஜனவரி 16-ந்தேதி கிளம்பியது. புறப்பட்ட 82-வது வினாடியில் பெரிய எரிபொருள் டேங்கில் இருந்து ஒரு நுரை துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. தரையில் இருந்தவர்கள் வீடியோவில் பார்த்தார்கள். பெரிய ஆபத்து இல்லை என்று முடிவு செய்து விட்டார்கள். 16 நாள் ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது.

பிப்ரவரி 1-ந்தேதி, நம்ம நேரப்படி ராத்திரி 7.45 மணி வாக்கில் தரை இறங்க வேண்டும். கர்னாலில் அவர் படித்த தாகூர் பால நிகேதன் பள்ளியில் பிள்ளைகள் கொண்டாட கூடி இருந்தார்கள். இறங்க 16 நிமிடம் இருக்கும்போது, ஓட்டை விழுந்த இறக்கைக்குள் நெருப்பு மாதிரி காற்று புகுந்து, டெக்சாஸ் வானத்தில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் பலியானார்கள். கல்பனாவுக்கு வயது 40. அவரது அஸ்தி அமெரிக்காவின் சயான் தேசிய பூங்காவில் தூவப்பட்டது.

நாலே நாளில், ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2002-ல் ஏவிய வானிலை செயற்கைகோளுக்கு கல்பனா-1 என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாடு அரசு துணிச்சலான பெண்களுக்கு சுதந்திர தினத்தில் கொடுக்கும் விருதுக்கும் அவர் பெயர்தான்.

பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று. முதல் பயணம் முடிந்த கையோடு, தன் பழைய பள்ளியில் இருந்து வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகள் நாசாவை பார்க்க வர கல்பனா ஏற்பாடு செய்தார். வந்த பிள்ளைகளை தன் வீட்டுக்கு அழைத்து சாப்பாடு போட்டார்.