பட்டுப்புழுவிடம் பாடம் கற்ற பாஸ்டர்

நம் தென்காசி மாவட்டத்தில் முசுக்கொட்டைச் செடி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. புழுக்களுக்கு நோய் கண்டால் அவர்களது பல நாள் உழைப்பு வீணாகிவிடும். அப்புழுக்களைக் காக்க வழி கண்டவர் யாரென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெறிநாய்க்கடித் தடுப்பூசியால் நாம் நன்கறிந்த லூயி பாஸ்டரே அவர்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிரான்சு நாட்டின் டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. சிறுவயதில் பாஸ்டருக்குப் படம் வரைவதில்தான் நாட்டம். படிப்பில் சராசரி மாணவரே. நம்மில் சிலருக்கு இச்செய்தி ஆறுதல் தரும்! ஆனால் விடாமுயற்சியால் பேராசிரியராக உயர்ந்தார். பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார்.

1865-இல் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. தம் ஆசிரியர் டூமாவின் வேண்டுகோளை ஏற்று, பாஸ்டர் அலேஸ் என்னும் ஊருக்குச் சென்றார். அதுவரை அவர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டதும் இல்லை.

அப்போது துன்பங்கள் அவரைத் தொடர்ந்து வந்தன. அவ்வாண்டே தந்தை இறந்தார். இரண்டு வயது மகள் கமீலும் இறந்தாள். மறு ஆண்டு பன்னிரண்டு வயது மகள் செசிலை டைபாய்டு காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1868-இல் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 45. ஆயினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. மனைவி மரியும் எஞ்சிய மகளும் புழுக்களை வளர்த்து அவருக்குத் துணைநின்றனர்.

நோயுற்ற புழுக்களின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தன. நுண்ணோக்கியில் சிறு துகள்கள் தெரிந்தன. அவை நோயின் விளைவே, காரணம் அல்ல என்று பாஸ்டர் முதலில் தவறாக எண்ணினார். சோதனைகள் வேறு உண்மையைக் காட்டியபோது தம் கருத்தைத் தயங்காமல் மாற்றிக்கொண்டார். மேலும், நோய் ஒன்றல்ல, இரண்டு என்றும் கண்டார். இரண்டாவது நோயில் குடலில் பாக்டீரியாக்கள் பெருகிப் புழு துவண்டு சாகும். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, துகள் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும் என்பதே முதல் நோய்க்கு அவர் கண்ட வழி. இன்றும் பட்டுப்புழு முட்டை நிலையங்களில் தாய்ப்பூச்சியைச் சோதிக்கிறார்கள்.

1877-இல் இன்னொரு புதுமையைக் கண்டார். ஆந்த்ராக்ஸ் கிருமியோடு சாதாரண பாக்டீரியாக்கள் சேர்ந்தால், அக்கிருமி பெருகாமல் போயிற்று. ஒரு நுண்ணுயிர் மற்றொன்றை அடக்க முடியும்! இதற்குப் பல வழிகள் உண்டென்று பின்வந்த அறிஞர்கள் கண்டனர். அவற்றுள் ஒன்று மிக விந்தையானது. பாக்டீரியாக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. போதிய கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அறிந்த பிறகே பல பாக்டீரியாக்கள் ஒன்றுகூடித் தாக்குகின்றன. 1901-இல் ஜப்பானிய அறிஞர் இஷிவாட்டா, நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்று இன்று வழங்கும் அது, ஒருவகை நொதியால் பிற பாக்டீரியாக்களின் சைகைப் பொருளைச் சிதைத்துவிடுகிறது என்று நூறாண்டுக்குப் பின் தெரியவந்தது. உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் பாக்டீரியாவையும் அது இவ்வாறு தடுக்கிறது. எதிரியைக் கொல்லாமல், அதன் பேச்சைக் கலைத்தே வெல்கிறது! பாஸ்டர் குனிந்து பார்த்த அந்தச் சின்னஞ்சிறு புழுவுக்குள் இத்தனை அதிசயங்கள் இருந்தன.

1885-இல் வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைத் தம் தடுப்பூசியால் காத்தார். நம் தமிழகத்தில் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1895 செப்டம்பர் 28-இல், ஒரு கையில் சிலுவையைப் பிடித்தவாறு, மறுகையை மனைவியின் கரத்தில் வைத்தவாறு இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! துன்பம் வந்தபோதும் கடமையை விடாமையும், தவறென்று தெரிந்ததும் திருத்திக்கொள்ளும் பணிவும் பாஸ்டர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். சிறியதென்று எதையும் இகழாமல், இறைவன் படைத்த புழுவிடமும் பாடம் கற்போமாக!