அபேபே பிகிலா: வெறுங்காலுக்குப் பின்னால் இருந்த பயிற்சி

மாங்கேணியில் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திருகோணமலை வீதியில் வாகனங்கள் குறைவு. மீன் ஏற்றப் போகும் ஒன்றிரண்டு பட்டா வண்டிகள், முதல் பஸ், அவ்வளவுதான். வேறொரு செய்திக்காக அங்கு தங்கியிருந்த இரண்டு நாளும் அதே நேரத்தில் ஒரு பொடியன் பனிச்சங்கேணிப் பாலத்தின் பக்கமாக ஓடிப் போவதைக் கண்டேன். காலில் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் திரும்பி வரும்போது மறித்துக் கதைத்தேன். கொழும்பில் நடக்கும் மரதன் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பதாகச் சொன்னார். சப்பாத்து இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய புதுச் சோடி, பெட்டியோடு வீட்டில் இருக்கிறதாம். பயிற்சிக்குப் போட்டால் தேய்ந்துவிடும் என்பதால் போட்டி நாளுக்கு எடுத்து வைத்திருக்கிறாராம். பிறகு, வெறுங்காலுடன் ஓடி ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்த ஓர் ஆபிரிக்கரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சேர் ஒருவர் சொன்ன கதையைச் சொன்னார். ஓடியவரின் பெயர் அவருக்கு நினைவில்லை.

அந்தப் பெயர் அபேபே பிகிலா. எதியோப்பியர். இறந்து ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. வெறுங்காலுடன் ஓடினார், வென்றார் என்ற இரண்டு வரிகளோடு அவருடைய கதை நம் ஊர்களில் முடிந்துவிடுகிறது. இதில் எனக்கும் பங்கு உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாடசாலை மெய்வல்லுநர் போட்டிச் செய்திக்கு வெறுங்காலுடன் சாதனை என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க ஒருவரும் கேட்கவில்லை. வறுமையை ஒரு திறமை போல எழுதிவிட்டால், கொடுக்க வேண்டியவர்களும் கைதட்டிவிட்டுப் போய்விடலாம்.

பிகிலா 1932 ஓகஸ்ட் 7ஆம் திகதி, அடிஸ் அபாபாவுக்கு வடக்கே மெண்டிடா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜாட்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். அன்றுதான் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டமும் நடந்தது. மூன்று வயதில் யுத்தம் வந்தது. 1935இல் முசோலினியின் இத்தாலி எதியோப்பியாவுக்குள் படையெடுத்தது. விமானங்களிலிருந்து நச்சு வாயு போட்டார்கள். பிகிலாவின் குடும்பம் வீட்டை விட்டுக் கொரோ என்ற தொலைதூர ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஆக்கிரமிப்பு 1941 வரை நீடித்தது. குடும்பம் பிறகு ஊர் திரும்பியது. இடம்பெயர்ந்து திரும்பிய பிள்ளைகள் எப்படி வளர்வார்கள் என்பதை வாகரைப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வாலிபனானதும் தலைநகருக்கு வந்து, 1952 அளவில் பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். சுலுல்டா மலைப் பக்கத்திலிருந்து அடிஸ் அபாபாவுக்கு 20 கிலோமீற்றர் தினமும் ஓடி வந்து, ஓடியே திரும்பிப் போவாராம். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்றில் ஒட்சிசன் குறைவான அந்த உயரத்தில் ஓடிப் பழகிய நெஞ்சு, கீழே வந்தால் இலகுவாக மூச்சு விடும். ஆனால் அந்த மலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள், ஓடினார்கள். எல்லோரும் பிகிலா ஆகவில்லை.

வித்தியாசத்தை உண்டாக்கியவர் ஒன்னி நிஸ்கானென். பின்லாந்தில் பிறந்த சுவீடன்காரர். எதியோப்பியாவுக்கு உடற்பயிற்சி கற்பிக்க வந்து, மெய்க்காவல் படையின் விளையாட்டு வீரர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். வெறும் தூர ஓட்டம் மட்டும் போதாது என்பது அவருடைய கணக்கு. குறுந்தூரத்தை வேகமாக ஓடி, சற்று ஆறி, மறுபடி ஓடுவது ஒரு நாள். மலையேற்றம் இன்னொரு நாள். நீண்ட ஓட்டம் வேறொரு நாள். நேரத்தைக் கடிகாரத்தில் அளந்து குறித்து வைப்பார்கள். இன்று எந்த நகர மரதனுக்கும் தயாராகிறவர்கள் பின்பற்றும் முறையின் அடிப்படை இதுதான். 42.195 கிலோமீற்றரைத் தினமும் யாரும் ஓடிப் பார்ப்பதில்லை. உடம்பை வெவ்வேறு பக்கத்தால் அந்தத் தூரத்துக்குப் பழக்குகிறார்கள்.

1960 கோடையில் அடிஸ் அபாபாவில் நடந்த பரீட்சார்த்த ஓட்டத்தில் பிகிலா 2 மணி 21 நிமிடம் 23 செக்கனில் முடித்தார். அப்போது ஒலிம்பிக் சாதனை, 1952இல் எமில் சாட்டோபெக் ஓடிய 2 மணி 23 நிமிடம் 3 செக்கன். அதாவது, றோமுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னரே, மூச்சு முட்டும் உயரத்தில், ஒலிம்பிக் சாதனையை விட வேகமாக அவர் ஓடிவிட்டார். அந்தச் செய்தியை வெளியுலகம் கவனிக்கவில்லை. அதனால்தான் பிறகு அதிசயம் என்று எழுதினார்கள்.

சப்பாத்துக் கதைக்கு வருவோம். எதியோப்பிய அணிக்குச் சப்பாத்து வழங்கியவர்களிடம் பிகிலாவின் காலுக்குப் பொருந்தும் சோடி மிஞ்சியிருக்கவில்லை என்று ஒரு கதை. றோமில் வாங்கிய புதுச் சோடி காலில் கொப்புளம் போட்டது என்று இன்னொரு கதை. எது எப்படியிருந்தாலும் முடிவு ஒன்றுதான். அவர் வெறுங்காலிலும் பயிற்சி எடுத்திருந்தார், அந்தத் தோல் வீதிக்குப் பழகியிருந்தது. பழகாத சப்பாத்தோடு 42 கிலோமீற்றர் ஓடினால் பாதி வழியில் கால் புண்ணாகும். ஆகவே பழகிய காலோடு ஓடுவது என்று தீர்மானித்தார்கள். வீரத்தைக் காட்டவோ வறுமையைக் காட்டவோ எடுத்த முடிவல்ல. எப்படிப் பயிற்சி எடுத்தாயோ அப்படியே போட்டியில் ஓடு என்ற சாதாரண கணக்கு.

ஓட்டப் பாதையையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்கள். அந்த மரதன் மைதானத்தில் தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. கப்பிடோல் குன்றடியில் தொடங்கி, பழைய அப்பியன் வீதி வழியாக வந்து, கொன்ஸ்தந்தீன் வளைவில் முடியும் பாதை. முடிவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் இருக்கும் இடத்தில் ஒரு கல்தூண் நின்றது. எதியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து 1937இல் இத்தாலியப் படைகள் பெயர்த்துக் கொண்டுவந்த, 24 மீற்றர் உயரமான தூண். அந்தத் தூணைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுவது என்று பயிற்றுவிப்பாளரும் அவரும் பேசி வைத்திருந்ததாகச் சொல்வார்கள். பறிகொடுத்த சொத்தை அடையாளக் கல்லாக வைத்து ஓட்டத்தைத் திட்டமிட்டவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருப்பார்களோ தெரியாது.

1960 செப்டம்பர் 10. வெயிலைத் தவிர்க்க மாலை ஐந்தரைக்குத் தொடங்கினார்கள். பிகிலாவின் இலக்கம் 11. மொரோக்கோவின் ராடி பென் அப்தெசலாம்தான் கவனிக்க வேண்டிய ஆள், அவருடைய இலக்கம் 26 என்று நிஸ்கானென் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ராடி அன்று 185ஆம் இலக்கத்தோடு ஓடினார். பாதித் தூரம் அளவில் பிகிலாவும் 185ஆம் இலக்கக்காரரும் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பிகிலாவுக்கோ 26 இன்னும் முன்னால் எங்கோ ஓடுகிறது என்ற எண்ணம். பக்கத்தில் ஓடுகிறவர்தான் தான் தேடும் ஆள் என்று தெரியாமலே அவரோடு தோளுக்குத் தோள் ஓடிக்கொண்டிருந்தார். இந்த இடத்தை நான் எத்தனை முறை வாசித்தாலும் சிரிப்பு வரும்.

இருட்டிவிட்டது. வீதியோரத்தில் படையினர் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். கடைசித் துண்டில் பிகிலா வேகத்தைக் கூட்டினார், ராடியால் தொடர முடியவில்லை. 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கன். அதுவரை உலகில் யாரும் அந்த வேகத்தில் மரதன் ஓடியதில்லை. ராடி 25 செக்கன் பின்னால். முசோலினி தன் படையை அனுப்பிய நகரத்தில், அந்தப் படை இடம்பெயர்த்த குடும்பத்துப் பிள்ளை, மெய்க்காவல் படைச் சிப்பாயாக வந்து வென்றார்.

வென்றவரின் வாழ்க்கை உடனே நேராகிவிடவில்லை. அதே வருடம் டிசம்பரில் மெய்க்காவல் படையின் தளபதி பேரரசருக்கு எதிராகப் புரட்சிக்கு முயன்று தோற்றார். அந்தப் படையைச் சேர்ந்தவர் என்பதால் தங்கம் கொண்டுவந்த பிகிலாவையும் பிடித்து வைத்தார்கள், பிறகு விட்டார்கள். 1961இல் ஏதென்ஸ், ஒசாக்கா, கொசிட்சே மரதன்களில் வென்றார். 1963இல் பொஸ்ரனில் ஐந்தாவதாக வந்தார்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஐந்து வாரங்கள் இருக்கும்போது குடல்வளரி அழற்சி வந்து சத்திர சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மரதனுக்குத் தயாராகிறவர்களுக்குக் கடைசி ஐந்தாறு வாரங்கள் என்றால் என்னவென்று தெரியும். நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அதற்குள்தான் வரும். ஆனாலும் வருடக் கணக்கான உழைப்பு ஒரு தையலோடு கரைந்து போகவில்லை. ஒக்டோபர் 21 அன்று 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில் முடித்தார், மறுபடியும் உலகின் மிகச் சிறந்த நேரம். இரண்டாவதாக வந்த பிரித்தானியர் நான்கு நிமிடம் பின்னால் வந்தார். அதற்குள் பிகிலா மைதானத்தின் நடுவில் படுத்துக் கால் நீட்டி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் மரதனை இரண்டு முறை வென்ற முதல் மனிதர் அவர். பதக்க நிகழ்வில் வாத்தியக் குழுவுக்கு எதியோப்பிய நாட்டுப்பண் தெரியாததால் ஜப்பானின் நாட்டுப்பண்ணை வாசித்தார்கள்.

நம் ஊர்க் கதைகளில் வராத ஒரு விடயம்: டோக்கியோவில் அவர் சப்பாத்துப் போட்டு ஓடினார். றோமை விட மூன்று நிமிடம் வேகமாக.

1968இல் மெக்சிக்கோவுக்குப் போகும்போதே காலெலும்பில் வெடிப்பு இருந்தது. ஏறக்குறைய 17 கிலோமீற்றரில் நின்றுவிட்டார். அன்று வென்றவர் அவருடைய நாட்டுத் தோழர் மாமோ வொல்டே.

1969 மார்ச் 22 இரவு. பேரரசர் பரிசாகக் கொடுத்த ஃபொக்ஸ்வாகன் காரை பிகிலா ஓட்டிப் போகும்போது, அடிஸ் அபாபாவுக்கு வடக்கே வண்டி பிரண்டது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. முதலில் கை கால் எதுவும் அசையவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாதங்கள் அங்கே இருந்தார். கைகளில் உயிர் திரும்பியது. கால்களில் திரும்பவில்லை. வயது 37.

அந்த வைத்தியசாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாசிகளிடமிருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மான், யுத்தத்தில் முள்ளந்தண்டு உடைந்த படையினருக்காக 1944இல் அங்கு ஒரு பிரிவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அப்படிக் காயப்பட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சாவதுதான் வழக்கம். குட்மான் அவர்களைத் திருப்பிப் படுக்க வைத்தார், பின் எழுப்பி உட்கார வைத்தார், கையில் வில்லைக் கொடுத்தார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேருக்கு வைத்தியசாலைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960 செப்டம்பர் 18இல் றோமில் 400 பேர் கலந்துகொண்ட போட்டியானது. முதலாவது பராலிம்பிக் என்று இன்று சொல்வது அதைத்தான். பிகிலா அந்த நகரத்தில் வென்று சரியாக எட்டு நாட்கள் கழித்து. அப்போது அவருக்கு அதைப் பற்றி யோசிக்க எந்தக் காரணமும் இருந்திருக்காது.

நம்மிடையே ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டுப் படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். காற்று மெத்தை இல்லாமல் புண் வந்த உடம்புகளைக் கண்டிருக்கிறேன். குட்மான் 80 வருடங்களுக்கு முன் கண்டுபிடித்ததில் பாதி இன்னும் சில வீடுகளுக்கு வந்து சேரவில்லை. பிகிலாவுக்குக் கிடைத்தது பேரரசரின் செல்வாக்கால் கிடைத்தது. அதையும் மறைக்கக் கூடாது.

கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை. 1970 யூலையில் ஸ்டோக் மண்டவில் போட்டியில் சக்கர நாற்காலியில் இருந்து வில் எய்தார். வெல்லவில்லை. 1971இல் நோர்வேயில் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிக்குப் போய், 25 கிலோமீற்றர் பனிச்சறுக்கு வண்டி ஓட்டத்தில் வென்றார். பனியே விழாத நாட்டுக்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அங்கு மரதனில் வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷோட்டர், பதக்கம் வாங்கியதும் நேரே சக்கர நாற்காலிக்குப் போய் அவருடைய கையைப் பிடித்தார்.

1973 ஒக்டோபர் 25 அன்று மூளையில் இரத்தம் கசிந்து பிகிலா இறந்தார். 41 வயது. அடிஸ் அபாபாவில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், பல்லாயிரம் பேர் வந்தார்கள். அடுத்த வருடம் பேரரசரின் ஆட்சியே கவிழ்ந்தது. றோமில் அவர் கடந்து ஓடிய அந்தக் கல்தூணை இத்தாலி 2005இல்தான் திருப்பிக் கொடுத்தது. மூன்று துண்டுகளாக விமானத்தில் வந்தது. 2008இல் அக்சுமில் மறுபடி நிமிர்த்தினார்கள்.

இதை எழுதுவதற்கு முன் மாங்கேணிப் பொடியனுக்கு அழைத்து, பிகிலாவின் பெயரையும் றோமில் கொப்புளம் போட்ட சப்பாத்தின் கதையையும் சொன்னேன். சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாராம். இப்போது கிழமையில் மூன்று நாள் போட்டு ஓடுகிறார். இடது பெருவிரலில் இடிக்கிறது என்றார். அரை அளவு பெரிதாக வாங்கியிருக்க வேண்டும், மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாராம்.