ஒற்றைக் கை விஞ்ஞானி சம்னர்

நம் உடம்புக்குள் சோறு செரிப்பதும் மாவு புளிப்பதும் நொதிப்பொருள்களின் வேலை. இவற்றை என்சைம் என்பார்கள். ஏறக்குறைய எல்லா நொதிகளும் புரதங்களே என்பது இன்று பள்ளிப் பாடம். அதை நிலைநாட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர்.

1887-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பதினேழாவது வயதில் வேட்டைக்குப் போனபோது, கூட வந்தவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இடது கையில் குண்டு பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். அவரோ இடது கைப் பழக்கக்காரர்! எழுதுவது முதல் எல்லாவற்றையும் வலது கையால் புதிதாகப் பழகினார். டென்னிஸ் கூட ஆடினார் என்றால் பாருங்கள்.

1912-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேரப் போனார். அங்கிருந்த பேராசிரியர் ஆட்டோ ஃபோலின், ரத்தம், சிறுநீர் சோதனை முறைகளில் பெயர் பெற்ற மேதை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு ரசாயனத்தில் முன்னேற முடியாது, வேறு துறை பார்ப்பதே நல்லது என்று அவர் யோசனை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சம்னர் கேட்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் டாக்டர் பட்டம் வாங்கி, 1914-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார்.

அங்கே பாடம் நடத்தவே பொழுது சரியாக இருந்தது. கருவிகளும் குறைவு, பணமும் குறைவு. அப்படியிருந்தும் 1917-ல், அதுவரை எவருக்கும் கைகூடாத ஒரு வேலையில் இறங்கினார். ஒரு நொதியைக் கலப்பில்லாமல் தனியே பிரித்தெடுப்பதுதான் அது. ஜாக் பீன் என்ற அவரையை எடுத்துக்கொண்டார். நம் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவு. யூரியாவை அம்மோனியாவாக மாற்றும் யூரியேஸ் என்ற நொதி அதில் நிறைய உண்டு. (பொதுக் கழிப்பிடங்களில் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும், கிருமிகளிடம் உள்ள யூரியேஸ்தான் காரணம்!)

ஒன்பது ஆண்டுகள் அவரையை மாவாக்குவதும் கரைப்பதும் வடிகட்டுவதுமாகப் போயின. 1926-ல் அசிடோன் கலந்த நீரில் மாவைக் கரைத்து வடித்து, ஓரிரவு குளிரில் வைத்தார். காலையில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சின்னஞ்சிறு படிகங்கள்! சோதித்ததில் அவை புரதம். யூரியேஸின் வேகமும் அவற்றில்தான் இருந்தது. உடனே டெலிபோனில் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

உலகம் நம்பவில்லை. ஜெர்மனியில் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டரும் அவருடைய சீடர்களும், நொதி வேறு, புரதம் வேறு, புரதம் வெறும் சுமைதாங்கி என்று வாதாடினார்கள். பெயர் பெற்றவர் பேச்சுக்கு இருக்கும் மரியாதை, கண்ணெதிரே இருக்கும் படிகத்துக்கு இல்லை. சம்னர் ஓயாமல் பதில் எழுதினார். 1930-ல் ஜான் நார்த்ராப், வயிற்றில் சுரக்கும் பெப்சினையும் படிகமாக்கிக் காட்டினார். அதுவும் புரதம். அதன் பிறகே எதிர்ப்பு அடங்கத் தொடங்கியது.

1937-ல் கேட்டலேஸ் என்ற நொதியையும் சம்னர் படிகமாக்கினார். 1946-ல் ரசாயன நோபல் பரிசில் பாதி அவருக்கு. மறு பாதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்கும். மறு ஆண்டு கார்னெலில் நொதி ரசாயனத்துக்கென்றே அமைந்த சோதனைச்சாலைக்குத் தலைவரானார். 1955-ல் தமது 67-வது வயதில் புற்றுநோயால் காலமானார்.