பாலை வழியில் இப்னு பதூதா

கி.பி. 1325ஆம் ஆண்டு மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் ஹஜ்ஜுக்கெனத் தன்னந்தனியே புறப்பட்டார். வழியில் காய்ச்சல் கண்டது. கீழே விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு சென்றார். துனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் எதிர்கொண்டு வந்து உடன்வந்தோர்க்கெல்லாம் முகமன் கூறினர். இவரை அறிந்தார் ஒருவருமில்லை. தாங்கமாட்டாது அழுதுவிட்டார். அது கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் உரைத்து, ஊருக்குள் செல்லும்வரை பேச்சுத்துணையாக வந்தார்.

இவ்விளைஞரே பின்னாளில் உலகம் போற்றிய இப்னு பதூதா. மக்காவும் தில்லியும் மாலத்தீவும் சீனமும் கண்டவர். நம் மதுரைக்கும் வந்து சென்றவர். அவ்வரலாறெல்லாம் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்குக் கூற விழைவது, அவரது பெரும் பயணங்களுள் இறுதியானதாகிய சகாராப் பயணத்தைப் பற்றியே.

1352ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஏறத்தாழ நாற்பத்தெட்டாம் வயதில், சிஜில்மாஸா நகரில் ஒட்டகங்களும் அவற்றிற்கு நான்கு மாதத் தீவனமும் வாங்கிக்கொண்டு ஒரு வணிகச் சாத்தோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். நம் இலக்கணத்தார் கூறும் பாலை, வேனில் வெம்மையால் திரிந்த நிலம். மழை பெய்தால் மீண்டும் முல்லையோ குறிஞ்சியோ ஆகும். சகாராவோ அத்தகையதன்று. இருபத்தைந்து நாள் நடந்து தகாஸா என்னும் உப்பூரை அடைந்தனர். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் எழுப்பப்பட்டவை, கூரை ஒட்டகத்தோல். மரமில்லை, தண்ணீரோ உவர். உப்பை வெட்டுவோர் மஸ்ஸூஃபா குலத்தாரின் அடிமைகள். மறு ஆண்டு அவர் தாயகம் திரும்பிய சாத்திலும் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர். அதனை எண்ணிக்கையாகக் குறித்ததற்கு மேல் அவர் ஒன்றும் கூறாதது நம் மனத்தை உறுத்தவே செய்கிறது.

தகாஸாவுக்கு அப்பால் பத்து நாள் வழியில் நீர் கிடைப்பது அரிது. அவ்வாண்டு மழைநீர் ஆங்காங்கே தேங்கிக் கிடந்தமையால் குடிக்கவும் துணி துவைக்கவும் முடிந்தது. பேன் தொல்லை மிகுதி. அதற்காகப் பாதரசம் தோய்ந்த நூலைக் கழுத்தில் அணிந்துகொண்டனர். சாத்தில் ஸய்யான் என்னும் தில்மிசான் வணிகர் ஒருவர் இருந்தார். பாம்பைப் பிடித்து விளையாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. இப்னு பதூதா தடுத்தும் கேட்கவில்லை. ஒருநாள் உடும்பு பிடிக்க வளைக்குள் கையிட்டவர் விரலில் கடிபட்டு, முடிவில் அவ்விரலையே இழந்தார்.

இதனினும் கொடிது இப்னு ஸீரியின் முடிவு. அதுவரை அவர்கள் சாத்துக்கு முன்னே சென்று, புல் கண்ட இடத்தில் விலங்குகளை மேயவிட்டுக் களித்து வந்தனர். இப்னு ஸீரிக்கும் அவருடைய தாய்மாமன் மகனான இப்னு அதீக்கும் ஏதோ சச்சரவு. வாய்ச்சண்டை முற்றவே இப்னு ஸீரி பின்தங்கினார். சாத்து தங்கிய இடத்தில் அவரைக் காணவில்லை. கூலிக்கு ஆள் அமர்த்தித் தேடுமாறு இப்னு பதூதா அந்த உறவினரிடம் கூறினார், அவரோ மறுத்துவிட்டார். மறுநாள் மஸ்ஸூஃபா குலத்தான் ஒருவன் கூலி வேண்டாமலே தேடிச் சென்றான். சுவடு சிறிது தொலைவு வழியோடும் சிறிது தொலைவு வழிவிலகியும் சென்றது. ஆளைப்பற்றிச் செய்தியே இல்லை. யாரோ ஓர் அயலானுக்கு இருந்த இரக்கம் உடன்பிறப்பு போன்றவனுக்கு இல்லாமற் போயிற்றே என்று நாம் வருந்துகிறோம்.

பின்னர் எதிரே வந்த வேறொரு சாத்தினர், தம்முள்ளும் சிலர் பிரிந்துபோனதாகக் கூறினர். அவருள் ஒருவரைச் சிறுமரம் ஒன்றின் கீழ்ப் பிணமாகக் கண்டனர். உடுத்த ஆடை உடலில் இருந்தது. சாட்டை கையில் இருந்தது. தண்ணீர் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல். அன்று முதல் இப்னு பதூதா சாத்தை முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

தாஸரஹ்லா என்னும் நீர்நிலையில் மூன்று நாள் தங்கி, தோல்பைகளைப் பழுதுபார்த்து நீர் நிரப்பினர். அங்கிருந்து தக்ஷீஃப் எனப்படும் தூதன் ஒருவனைத் தனியே முன்னனுப்புவது வழக்கம். அவன் வலாத்தா நகரை அடைந்து கடிதங்களைச் சேர்த்தால், அவ்வூரார் நான்கு நாள் தொலைவு எதிர்வந்து தண்ணீர் கொடுப்பர். அவன் வழியில் மாண்டால் சாத்தினர் பலர் மடிவர், சிலவேளை அனைவருமே. அவனுக்குக் கூலி நூறு மித்கால் பொன். அது மிகையென்று நமக்குத் தோன்றவில்லை. இவர்களுக்கு வழிகாட்டியவனுக்கோ ஒரு கண் பார்வையற்றது, மற்றது நோயுற்றது; ஆயினும் அவ்வழியை அவனைப்போல் அறிந்தவர் இலர்.

புறப்பட்ட ஏழாம் நாள் இரவு, எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்பு தொலைவில் தெரிந்தது. துனிஸில் எவரும் முகமன் கூறாது நின்ற அவர், தம் தோழர்களோடு அந்த ஒளியைக் கண்டு மகிழ்ந்தார். சிஜில்மாஸாவை விட்டு இரண்டு மாதம் நிறைந்தபோது வலாத்தா வந்து சேர்ந்தனர்.