டப்பா லேபிளும் டாக்டர் வைலியும்



தக்காளி சாஸ் பாட்டிலின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பீர்களா? நான் ரிட்டயர் ஆன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பல பாட்டில்களில் சோடியம் பென்சோயேட் என்றிருக்கும். அந்தப் பொருளோடு மல்லுக்கு நின்றவர் ஹார்வி வைலி.

1844இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படித்து, ரசாயனப் பேராசிரியராக இருந்து, 1883இல் வேளாண்மைத் துறையின் தலைமை ரசாயன அதிகாரியானார். அப்போது பாலில் ஃபார்மலின், இறைச்சியில் போராக்ஸ் கலந்து விற்றார்கள். 1902இல் வைலி பன்னிரண்டு இளைஞர்களை அலுவலகக் கீழ்த்தளத்தில் உட்காரவைத்து, இலவசச் சாப்பாட்டில் போராக்ஸ் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார். தெரிந்தேதான் சாப்பிட்டார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு விஷப் படை என்று பெயர் வைத்தன. (நம் வீட்டுப் பையனை அனுப்புவோமா?)

1906 ஜூன் 30 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வைலி ஜெயித்துவிட்டார் என்றுதான் நாமும் நினைப்போம். பேங்கில் இருந்தவனுக்குத் தெரியும்: சட்டம் பாஸானால் போதாது, சர்க்குலர் வந்தால்தான் கவுண்டரில் வேலை நடக்கும். அதுதான் அங்கும். கெடுதலான பொருளைச் சேர்க்கக்கூடாது என்றது சட்டம். பென்சோயேட் கெடுதலா என்று சொல்லவில்லை. அதை விதிகளில்தான் முடிவு செய்ய வேண்டும். விதிகளை வகுக்கும் அதிகாரமோ மூன்று துறை அமைச்சர்களிடம் இருந்தது. வைலி உட்பட மூன்று அதிகாரிகள் நியூயார்க்கில் வியாபாரிகளின் வாதங்களைக் கேட்டார்கள். அக்டோபரில் விதிகள் வெளியாகி, 1907 ஜனவரி 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். உத்தரவாதம் தருவதாக எழுதிக்கொடுத்த கம்பெனிக்கு ஒரு நம்பர் கிடைக்கும். அதை லேபிளில் அச்சடித்ததும், அரசாங்கமே சரக்குக்குச் சான்று கொடுத்ததாக ஜனங்கள் நம்பினார்கள்! மேலும், 1907இல் அமைத்த மூவர் குழுவில் வைலிதான் தலைவர். ஆனால் மற்ற இருவரும் சேர்ந்து அவரைப் பலமுறை தோற்கடித்தார்கள்.

1908இல் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில், பேச்சு சாக்கரினுக்குத் திரும்பியது. கேட்காமலே குறுக்கிட்டு, சர்க்கரை என்று நம்பித் தின்பவர்கள் ஏமாறுகிறார்கள், உடம்புக்கும் கெடுதல் என்றார் வைலி. தினமும் டாக்டர் சொல்லி சாக்கரின் சாப்பிட்டுவந்த ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷருக்கு வாயை அடக்கத் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம். அதே வருஷம் வேறொரு விஞ்ஞானிகள் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ரெம்சன்; சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டதே அவருடைய ஆய்வுக்கூடத்தில்! கொஞ்சமாகச் சேர்த்தால் பென்சோயேட் கெடுதல் இல்லை என்று அந்தக் குழு 1909இல் சொன்னது. லேபிளில் அளவை எழுதினால் சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தது.

1912இல் வைலி ராஜினாமா செய்து, ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். சட்டத்தை விதிகளால் கெடுத்துவிட்டார்கள் என்று 1929இல் தனிப் புத்தகமே எழுதினார். மறு வருஷம் ஜூன் 30 அன்று காலமானார். சட்டத்தில் கையெழுத்தான அதே தேதி.